மடிக்வே நாட்குறிப்பு: ஐந்து வயதுக்காரனுக்கு ஜீப்பில் இடமில்லை

மே 11, ஞாயிறு இரவு

தென்னாப்பிரிக்காவின் மடிக்வே வனவிலங்குக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். வாட்ஸ்ஆப்பில் ஆளாளுக்குத் தனியாகப் பதில் போட முடியவில்லை. அதனால் தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கேயே எழுதிப் போடுகிறேன்.

நேற்று மாலை ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தூங்கி, காலை எட்டு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். நான், இவர், அம்மா, ஒன்பது வயது பெரியவள், ஐந்து வயது சின்னவன். ரஸ்டன்பர்க் பக்கம் பிளாட்டினச் சுரங்கங்கள் வருகின்றன. அதைத் தாண்டினால் சாலையோரம் மூட்டை மூட்டையாக ஆரஞ்சு. சீரஸ்ட்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வடக்கே திரும்பினால் போட்ஸ்வானா எல்லையைப் பார்த்துப் போகிற ஒற்றைச் சாலை. நாலரை மணி நேரம் என்று மேப் சொன்னது. எங்களுக்கு ஆறு ஆனது. சின்னவனோடு பயணம் செய்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்கா என்றால் எல்லோரும் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறார்கள், நீங்கள் ஏன் மடிக்வே என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: மலேரியா. க்ரூகர் மலேரியா பகுதி. குழந்தைகளுக்கும் 68 வயது அம்மாவுக்கும் மாத்திரை கொடுத்து, அது வயிற்றைப் பிடித்தால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு வேண்டாம். மடிக்வே, பிலானஸ்பர்க், வாட்டர்பர்க், கிழக்கு கேப்பில் ஆடோ, இங்கெல்லாம் மலேரியா கிடையாது. அதிலும் மடிக்வேக்குள் லாட்ஜில் தங்குபவர்களைத் தவிர யாரையும் விடுவதில்லை. சொந்தக் காரில் சுற்றவும் முடியாது. வாசலிலிருந்து லாட்ஜ் வரை ஓட்டி வந்து நிறுத்தினால் அதோடு சரி.

வரவேற்பில் நின்ற பெண் அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்து, “துமேலா, மா” என்றார். இங்கே பேசும் செட்ஸ்வானா மொழியில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல் ‘மா’. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “தமிழ் தெரியுமாடி இவளுக்கு?” என்றார். விளக்கினேன். “எதுவோ, கூப்பிட்டது நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு அடுத்த நிமிடம்தான் குண்டு. சின்னவனுக்கு என்ன வயது என்று கேட்டார் அந்தப் பெண். ஐந்து, ஆகஸ்டில் ஆறு முடியும் என்றேன். அப்படியானால் அவன் சஃபாரி வண்டியில் வர முடியாது என்றார், மிகவும் இனிமையாக. ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். ‘குழந்தைகளுக்கு ஏற்ற லாட்ஜ்’ என்று ஆறு மாதமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த ஏஜென்ட் இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. போன் போட்டால், “மேடம், அது கண்டிஷன்ஸ்ல இருக்கு” என்கிறார். இருக்கிறது, பதினொன்றாம் பக்கத்தில்.

கோபம் தணிந்ததும் காரணம் புரிந்தது. வண்டிக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. சிங்கம் அந்த வண்டியையும் அதில் இருக்கும் பத்துப் பேரையும் சேர்த்து ஒரே உருவமாகத்தான் பார்க்குமாம். நடுவில் ஒரு பொடியன் எழுந்து நின்று கத்தினால் அந்த உருவம் உடைந்துவிடும். எங்கள் பொடியன் எழுந்து நிற்பான், கத்துவான், கையில் இருக்கும் பிஸ்கெட்டைச் சிங்கத்துக்கு எறியவும் செய்வான். சட்டம் சரிதான்.

தனி வண்டி எடுத்தால் அழைத்துப் போகலாமாம். அதன் விலையைக் கேட்டதும் இவர் தண்ணீர் கேட்டார். பார்த்துக்கொள்ள ஆள் தருகிறோம் என்றார்கள். சின்னவன் என் சேலையைப் பிடித்த பிடியில் அதற்கும் பதில் கிடைத்துவிட்டது. ஆக, நான்கு இரவு, ஏழு சஃபாரிச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பெரியவர்களில் ஒருவர் லாட்ஜில் காவல். இவர் ஒரு தாளில் அட்டவணையே போட்டுவிட்டார்.

அறையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். வெட்டவெளியில் ஒரு குளியல் தொட்டி இருக்கிறது என்பது மட்டும் இப்போதைக்கு. அம்மா அதில் துணி ஊறவைக்கலாமா என்று கேட்கிறார்.

மே 12, திங்கள்

காலை 5.45-க்குக் கதவைத் தட்டினார்கள். எழுவது பெரிய விஷயமே இல்லை, நம் உடம்புக்கு அது 9.15. சின்னவன் மூன்றரைக்கே எழுந்து “விடிஞ்சிருச்சா” என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

குளிர்தான் எதிர்பார்க்காதது. ஆப்பிரிக்கா என்றதும் நாங்கள் பருத்திச் சட்டையாக அள்ளிப் போட்டு வந்தோம். மே மாதம் இங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. மதியம் சென்னை டிசம்பர் மாதிரி இதமாக இருக்கிறது, விடியற்காலை கொடைக்கானல். வண்டியில் ஏறியதும் ஆளுக்கு ஒரு கம்பளியும் மடியில் வைத்துக்கொள்ள ஒரு வெந்நீர்ப் பையும் கொடுத்தார்கள். கிளம்பும் முன் காபியும் ரஸ்கும். நம்மூர்ப் பொறை மாதிரி, ஆனால் செங்கல் அளவு. முக்காமல் கடித்தால் பல் போய்விடும்.

முதல் சுற்றுக்கு நான், இவர், பெரியவள். அம்மாவும் சின்னவனும் காவல்.

மூன்று மணி நேரம் சுற்றினோம். இம்பாலா மான்கள், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, வாலைக் கொடிபோல நிமிர்த்திக்கொண்டு ஓடும் காட்டுப்பன்றி. சிங்கம் இல்லை. இந்த ஆண்டு நல்ல மழை, புல் இடுப்பளவு நிற்கிறது, பக்கத்திலேயே படுத்திருந்தாலும் தெரியாது என்றார் ரேஞ்சர். இடையில் காபிக்கு நிறுத்திய இடத்தில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி உடைந்து கிடந்தது. விலங்குகளுக்கா என்று கேட்டாள் பெரியவள். இல்லை, மாட்டுக்கு என்றார்.

அப்போதுதான் கதை வந்தது. இந்த 75,000 ஹெக்டேரும் முன்னால் மாட்டுப் பண்ணைகள். மேய்ந்து மேய்ந்து மண் செத்துப்போன நிலம். அப்போது இது போபுதட்ஸ்வானா என்ற பெயரில், நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கென்று பிரித்துவைத்த ‘தாயகங்களில்’ ஒன்று. இந்த நிலத்தில் மாடு வளர்த்தால் ஊராருக்கு எவ்வளவு வேலை கிடைக்கும், காட்டு விலங்குகளைக் கொண்டுவந்து சுற்றுலா நடத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். விலங்கு ஜெயித்தது. 1991-ல் காப்பகமாக அறிவித்து, சுற்றிலும் வேலி போட்டு, அடுத்த சில ஆண்டுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்கள். ‘ஆபரேஷன் ஃபீனிக்ஸ்’ என்று பெயர். சிங்கங்களின் பூர்வீகம் நமீபியாவின் ஈட்டோஷா. யானைகளில் பெரும்பகுதி சிம்பாப்வேயின் கோனரேசூவிலிருந்து. அங்கே 1992-ல் கடும் வறட்சி, யானைகள் சாகிற நிலைமை. ஒன்றிரண்டாகப் பிடிக்காமல், பாட்டி, அம்மா, சித்தி, குட்டி என்று குடும்பம் குடும்பமாகவே மயக்கி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள்.

அன்று வந்தவை பெருகி இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. வேலி போட்ட காட்டில் இது நல்ல செய்தி இல்லை. 2024 வறட்சியில் தீனி இல்லாமல் இங்கேயே யானைகள் செத்தன. அதைச் சொல்லும்போது ரேஞ்சர் வண்டியைப் பார்த்துப் பேசவில்லை, புல்லைப் பார்த்துப் பேசினார். ஒரு வறட்சியிலிருந்து தப்ப லாரியேறி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவை. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தால், அம்மா திண்ணையில் உட்கார்வதுபோல லாட்ஜின் மரத்தளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே நீர்க்குட்டை.

“என்ன பாத்தீங்க?”

“வரிக்குதிரை” என்றார் இவர்.

“நீங்க போன கையோட யானை வந்துச்சு மாப்பிள்ளை. பதினாலு. எண்ணிப் பாத்தேன். குட்டி ஒன்னு வழுக்கி விழுந்து, அதோட ஆத்தா தும்பிக்கையால தூக்கிவிட்டுச்சு.”

இவர் ஒன்றும் பேசாமல் கேமராப் பையை இறக்கி வைத்தார். அந்த லென்ஸின் விலையும் அறையின் விலையும் இங்கே எழுதினால் என் மாமனார் படித்துவிடுவார். சாப்பாடும் இரண்டு வேளைச் சுற்றும் அதற்குள் அடக்கம், காப்பகக் கட்டணமும் டிப்ஸும் தனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரவு சாப்பாடு ‘போமா’வில். கழிகளை நெருக்கி நட்ட வட்ட வேலி, நடுவில் நெருப்பு. குழந்தைகளுக்கு ஆறு மணிக்கே தனியாகப் பந்தி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த லாட்ஜில் ஆகப் பிடித்த சொகுசு அதுதான், குளியல் தொட்டி இல்லை. பெரியவர்களுக்குக் ‘கூடு’ என்ற மானின் கறி வந்தது. அம்மா கறி சாப்பிடுகிறவர்தான், ஆனால் தட்டைத் தள்ளிவிட்டார். “காலையில கண்ணுல பாத்ததை ராத்திரி திங்க முடியாது.” சமையல்காரர் உள்ளே போய் வேறு ஒரு தட்டு கொண்டுவந்தார். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய ‘பாப்’, பழுப்பாக ஒரு ‘போகோபே’, பக்கத்தில் கீரை. அம்மா பழுப்பை ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தார். “சோளக் களி!” சத்தம் நெருப்பைத் தாண்டிக் கேட்டது. அதேதான். சோளத்தை மபேலே என்கிறார்கள், புளிக்கவைத்துக் கிண்டுகிறார்கள். கீரைக்கு மொரோகோ என்று பெயர், தண்டுக்கீரை மாதிரிதான் இருந்தது. அருப்புக்கோட்டைக்காரர் ஒருவருக்குப் போதுமான விருந்து.

நிலா ஏறியது. சித்ரா பௌர்ணமி என்று அம்மா சொல்லித்தான் எங்களுக்கு நினைவு வந்தது. வடை சுடும் பாட்டி நம்மூர் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை, ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் அப்படி என்று பெரியவளுக்கு நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். சின்னவன் குறுக்கே புகுந்து, “பாட்டிக்குத் தூக்கம் வந்துருச்சு” என்று முடித்துவிட்டான்.

அறைக்குத் திரும்ப ஒரு காவலர் டார்ச்சோடு கூடவே வந்தார். இருட்டிய பிறகு தனியாக நடக்கக் கூடாது. லாட்ஜைச் சுற்றி இருக்கும் மின்கம்பி யானையைத் தடுக்கத்தான், மற்றதெல்லாம் அடியில் புகுந்து வரும் என்று சாதாரணமாகச் சொன்னார்.

மே 13, செவ்வாய்

இன்றைய மாலைச் சுற்று அம்மாவுக்கு. காலையிலிருந்தே தயாராகிவிட்டார். சேலை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் லாட்ஜ் கம்பளி, தலையில் குரங்குக் குல்லா. வண்டியில் ஏற மூன்று படி வைத்த ஏணி. “மாட்டு வண்டியே தேவலை” என்றார். நான், பெரியவள், எங்களோடு பிரிட்டோரியாவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி. இவரும் சின்னவனும் காவல். அட்டவணைப்படி கேமரா பெரியவளிடம்.

பெரியவள் இரண்டு நாளில் வண்டி ரேடியோவின் பாஷையைப் பிடித்துவிட்டாள். ஆங்கிலத்தில் சொன்னால் விருந்தினர்கள் பரபரப்பார்கள் என்று விலங்குகளைச் செட்ஸ்வானாவில்தான் சொல்கிறார்கள். யானை ட்லோ, காண்டாமிருகம் ட்ஷுகுடு, சிங்கம் தாவு. “தாவுன்னா சிங்கமாம் அம்மாச்சி.” “தாவும்ல, அதான்” என்றார் அம்மா.

நாலரை மணிவாக்கில் இரண்டு சிறுத்தைகள் புதருக்குள் போவதைப் பார்த்து, ரேஞ்சர் பாதையை விட்டு வண்டியை உள்ளே திருப்பினார். கிளைகள் இரண்டு பக்கமும் கீறின. ஐம்பது அடி போயிருப்போம், இடது பின்சக்கரத்திலிருந்து உஸ்ஸென்று சத்தம். குக்கர் மூடியைத் தூக்கினால் வருமே, அந்தச் சத்தம். சிறுத்தைகள் போயே போய்விட்டன.

ரேஞ்சர் எழுந்து நின்று நாலாபக்கமும் பார்த்தார். இறங்கி, வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். அப்புறம்தான் எங்களை இறங்கச் சொன்னார், வண்டியை ஒட்டியே நில்லுங்கள் என்று. பிரிட்டோரியாத் தாத்தா யாரும் கேட்காமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜாக்கிப் பக்கம் போனார்.

அம்மா சக்கரத்தைப் பார்க்கவில்லை. புதரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிளையை நுனியில் பிடித்து இழுத்து, இலையைத் தடவி, பின்னால் கொத்தாகத் தொங்கிய காயைத் திருப்பினார்.

“இது விடத்தலைடி.”

“அம்மா, இது ஆப்பிரிக்கா.”

“இருக்கட்டுமே. ஆப்பிரிக்கான்னா விடத்தலைக்கு என்ன வந்துச்சு? காயைப் பாரு.”

பார்த்தேன். புழுக்களை முறுக்கிப் பந்தாகக் கட்டித் தொங்கவிட்டதுபோல பழுப்புக் காய்கள். எங்கள் ஊர் ஓடைக்கரையில் இதே காயை உலுக்கினால் ஆடுகள் ஓடிவரும். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஆடு மேய்த்தவர், மறந்துபோக வாய்ப்பில்லை. மார்கழி தையில் பாதி ஊதாவும் பாதி மஞ்சளுமாக இது பூப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ரேஞ்சரிடம் கேட்டேன். ‘சிக்கிள் புஷ்’ என்றார், காய் அரிவாள்போல வளைந்திருப்பதால். செட்ஸ்வானாவில் மொசெலெசெலே. தாவரவியல் பெயர் டைக்ரோஸ்டாகிஸ் சினெரியா என்று எழுத்துக்கூட்டிச் சொன்னார். இரவு வந்து தேடிப் பார்த்தேன். நம்முடைய விடத்தலையேதான். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இயற்கையாகவே வளர்கிற மரம். யாரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை.

சக்கரத்திலிருந்து பிடுங்கிய முள்ளை ரேஞ்சர் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம். அடியில் பென்சில் தடிமன், நுனி ஊசி. நடுவில் ஒரு சின்ன முடிச்சு, அங்கே காய்ந்த இலைக்காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இது உண்மையில் முள்ளே இல்லை, வளராமல் நின்று கூராகிப்போன கிளை. அதனால்தான் முள்ளிலேயே இலை விடுகிறது, அதனால்தான் இரும்புபோல இருக்கிறது. டயர் என்ன, பூட்ஸின் அடியையே துளைக்கும் என்றார். அம்மா தன் இடது பாதத்தின் பழைய தழும்பை அவருக்குக் காட்டினார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் தன் முழங்கையில் ஒன்றைக் காட்டினார்.

மாடு மேய்த்த காலத்தின் மிச்சம் இது, புல் போனால் நெருப்பு பரவாது, நெருப்பு வராவிட்டால் இந்தப் புதர்தான் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். “மாட்டைக் குத்தம் சொல்லாதேன்னு சொல்லு. மேய்ச்சவனைச் சொல்லணும்.” ரேஞ்சர் சிரித்துக்கொண்டே, “யெஸ், மா” என்றார்.

இதற்கு நடுவில் ரேடியோ கத்திக்கொண்டே இருந்தது. லெட்லாலெர்வா, லெட்லாலெர்வா. பெரியவள் வெளிறிப்போனாள். “காட்டு நாய்ம்மா!” நம் செந்நாய்க்குத் தூரத்துச் சொந்தம், உடம்பெல்லாம் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் கொட்டியதுபோல இருக்கும். உலகத்திலேயே ஏழாயிரம்கூட மிச்சமில்லை. ஒரு விலங்கைச் சுற்றி மூன்று வண்டிதான் நிற்கலாம் என்பது இங்கே விதி, முந்தினால்தான் இடம். நாங்கள் ஜாக்கியில் நின்றோம். சக்கரம் மாட்டி, போல்ட் இறுக்கி, போய்ச் சேர்ந்தபோது மிதிபட்ட புல்லும், மரத்தில் இரண்டு கழுகுகளும்தான் இருந்தன. எந்தப் பக்கம் போயின? லாட்ஜ் பக்கம்.

ஊகித்திருப்பீர்கள். ஒன்பது காட்டு நாய்கள் நீர்க்குட்டைக்கு வந்து கால் மணி நேரம் விளையாடியிருக்கின்றன. இவர் கையில் லென்ஸ் இல்லை. போனில் எடுத்த படத்தில் ஒன்பது புள்ளிகள். இது நாய், இது கல் என்று சின்னவன் விரல் வைத்துக் காட்டுகிறான். இவர் இரவு முழுக்க அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மே 14, புதன்

திருத்திய அட்டவணை பலித்தது. காலையில் நான், இவர், பெரியவள், லென்ஸ். அதே ஒன்பது நாய்கள், ஒரு மரத்தடியில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கின. 1990-களில் இங்கே கொண்டுவந்து விட்ட கூட்டத்தை 1997-ல் வெறிநோய் கிட்டத்தட்ட முடித்துவிட்டதாம், பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். எழுந்த ஒன்று தும்மியது. இன்னொன்றும் தும்மியது. வேட்டைக்குக் கிளம்பலாமா என்று வாக்கெடுப்பு நடக்கிறது என்றார் ரேஞ்சர். விளையாட்டில்லை, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள்: தும்மல் கூடக் கூட, கூட்டம் கிளம்பும் வாய்ப்பும் கூடும். தலைமை நாய் தொடங்கிவைத்தால் மூன்று தும்மல் போதும், சின்ன நாய் என்றால் பத்து வேண்டும். நம் வீட்டில் கிளம்பும்போது யாராவது தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும். இன்று எண்ணினோம், நான்கு தும்மல். கிளம்பவில்லை, மறுபடி படுத்துவிட்டன. தலைமை நாய் தும்மவில்லை போல.

மாலை என் முறை, காவல்.

சின்னவனுக்கு இந்த மூன்று நாளில் ஒரு குறையும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்கென்று ஒரு பை, அதில் பார்த்த விலங்குகளைக் குறிக்க ஒரு புத்தகம். நேற்று மண்ணில் பதிந்த கழுதைப்புலிக் கால்தடத்தில் பாரிஸ் சாந்து ஊற்றி அச்சு எடுத்துக் கொடுத்தார்கள். அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறான். சாணத்தைப் பார்த்து விலங்கைச் சொல்லும் வித்தையும் படித்துவிட்டான். ஊரில் இதை எங்கே உபயோகிக்கப் போகிறானோ, நினைத்தால் பயமாக இருக்கிறது.

நீர்க்குட்டையை ஒட்டித் தரைக்குள் பாதி புதைத்த ஒரு அறை இருக்கிறது. மண்ணுக்குள் வழி போட்டிருக்கிறார்கள், உள்ளே போய் உட்கார்ந்தால் கண்ணும் தண்ணீர் மட்டமும் ஒன்று. நானும் அவனும் ஒரு பணியாளரோடு உள்ளே போனோம். பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. அவன் என் மடியில் சாய்ந்துவிட்டான்.

அப்புறம் வெளிச்சம் குறைந்தது. மேகமோ என்று நினைத்தேன். யானையின் கால். திறப்புக்கு முன்னால் பத்தடியில், சத்தமே இல்லாமல் வந்து நின்றிருந்தது. இத்தனை எடையுள்ள ஒன்று நடந்து வந்தால் தரை கொஞ்சமாவது அதிர வேண்டாமா? இல்லை. பாதம் தரையில் படும்போது பக்கவாட்டில் அகன்றது, எடுக்கும்போது சுருங்கியது, பிசைந்த மாவை அமுக்கி எடுப்பதுபோல. நகங்களுக்கு நடுவில் காய்ந்த சேறு வெடித்திருந்தது. அதற்கு மேலே நான் பார்க்க முடிந்தது முழங்கால் வரைக்கும்தான்.

தும்பிக்கை இறங்கியது. தண்ணீரைத் தொடும் முன் நுனி எங்கள் பக்கம் திரும்பி, காற்றை மோந்தது. ஈரமான இரண்டு துளை, மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல். சின்னவன் என் கையை இறுக்கினான். கத்தப் போகிறான் என்று நினைத்தேன். என் காதில் வாய் வைத்து, மூச்சுக்காற்றில், “அம்மா, ரெண்டு விரல்” என்றான்.

ஆமாம். ஆப்பிரிக்க யானைக்குத் தும்பிக்கை நுனியில் இரண்டு விரல், நம் யானைக்கு மேலே ஒன்றுதான். எனக்கே இது புத்தகத்தில் படித்துத்தான் தெரியும். அவனுக்கு எப்படித் தெரிந்தது? கோயில் யானை அவன் கையிலிருந்து எத்தனை வாழைப்பழம் வாங்கியிருக்கிறது. அந்த நுனியை அவ்வளவு பக்கத்தில் நான் என்றைக்குப் பார்த்தேன், காசு போட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு நகர்கிறவள்தானே.

மொத்தம் ஆறு யானைகள். குடித்து முடிக்க அரை மணி ஆனது. சின்னவன் அந்த அரை மணியும் வாயைத் திறக்கவில்லை. இவனைத்தான் வண்டியில் ஏற்ற முடியாது என்றார்கள்.

வண்டியில் போனவர்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். சிங்கம் பார்த்தார்களாம், மூன்று. அம்மா, “கிடக்குது, எந்திரிக்கவே இல்லை” என்றார்.

மே 15, வியாழன்

கடைசிச் சுற்றில் காண்டாமிருகம், தாயும் கன்றும். எந்தப் பக்கம் என்று எழுத மாட்டேன். படத்தைப் போடும்போது இடக்குறியை நீக்கிவிடுங்கள் என்று ரேஞ்சர் முன்னமே கேட்டுக்கொண்டார். கொம்புக்காகக் கொல்கிறவர்களும் படம் பார்க்கிறார்கள்.

பத்தரைக்குக் கணக்கு முடித்தோம். டிப்ஸுக்கு ரேஞ்சருக்குத் தனி உறை, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெட்டி. களி கிண்டியவருக்கு அம்மா தன் கையால் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்துச் சமையலறைக்கே போனார். இங்கே வேலை செய்பவர்களில் பலர் சுற்றுவட்ட ஊர்க்காரர்கள். லெக்கோபுங் ஊராருக்குச் சொந்தமாகவே காப்பகத்துக்குள் பஃபலோ ரிட்ஜ் என்று ஒரு லாட்ஜ் இருக்கிறது. அடுத்த முறை அங்கே விசாரிக்க வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு எந்த மாதமானாலும் சரி.

வாசலில் காவலர் காரைச் சுற்றிப் பார்த்தார். உள்ளேயிருந்து எதையும் எடுத்துப் போகவில்லையே, கல், எலும்பு, செடி? இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். கழுதைப்புலிக் கால்தடத்தைச் சின்னவன் தானாகவே எடுத்து நீட்டினான். அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

மண்சாலையில் கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம். தகரக் கூரை வீடுகள், ரோட்டோரம் பத்துப் பன்னிரண்டு ஆடுகள், யாரும் மேய்க்கவில்லை.

“மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்க.”

அம்மா இறங்கினார். ஸ்வெட்டரை விலக்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு கை விடத்தலைக் காய். நான் அப்போதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

“ஏம்மா, இதை…”

“ஊருக்கா கொண்டுபோறேன்? விடு.”

ரோட்டோரம் கொட்டிவிட்டு, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார், ‘ப்ர்ர்ர், ஹை’ என்று. நான் சின்ன வயதில் கேட்டது. ஒரு வெள்ளைக் கிடா தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்புறம் எல்லாமே ஓடிவந்தன.